அம்மாவின் வேதாகமத்தைக் கட்டித் தந்த கடை

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் விசாரித்த எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். 3,200 ரூபாய் என்று பேசி, கடைசியில் 2,700 கொடுத்தேன். ஒரு கிழமையில் தருகிறேன் என்றார், 19 நாள் எடுத்தது. நூல், பசை, மட்டை, துணி எல்லாம் முதல்தரம். கரையில் மட்டும் ஒரு குறை. அந்த 500 ரூபாய் குறைந்ததும் அதனால்தான். அது எனக்கு எவ்வளவு பெரிதாகப் பட்டது, அம்மாவுக்கு எவ்வளவு சிறிதாகப் பட்டது என்று சொல்லப் போனால் வேதாகமத்தில் வருகிற யோபுவைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். கடை எப்படி என்று மட்டும் பார்க்க வந்தவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், நான் கோபிக்க மாட்டேன்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளைத் தாண்டிப் போனால் வருகிற ஒழுங்கைகளில் ஒன்று. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சுவரோரம் நொத்தாரிசுமாரின் காணி உறுதிக் கட்டுகள், பள்ளிக்கூட இடாப்புகள், யாரோ ஒருவரின் தேவாரப் புத்தகம், சாதகக் கொப்பிகள். நடுவில் கையால் சுற்றி இறுக்குகிற இரும்பு அழுத்துப்பொறி. நடத்துகிறவர் எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா. நெற்றி நிறையத் திருநீறு, மூக்கு நுனியில் கண்ணாடி, நகக் கண்ணில் எப்போதும் காய்ந்த பசை. தொலைபேசி வைத்திருக்கிறார், எடுக்க மாட்டார்.

நான் கொண்டுபோனது அம்மாவின் பரிசுத்த வேதாகமம். 1964 இல் கலியாணத்தின்போது அவருடைய தகப்பன் கொடுத்தது. அம்மாவுக்கு இப்போது 84 வயது. முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமாதாக வேலை செய்தவர். மானிப்பாயிலும் சண்டிலிப்பாயிலும் அவர் கையில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு ஜன்னலோரக் கட்டில்தான் அவருடைய உலகம்.

புத்தகத்தின் நிலைமைக்கு வயது மட்டும் காரணமில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, பங்கீட்டு அட்டை, அடையாள அட்டை, உறுதி இவற்றோடு இதுவும் ஓர் உரப்பைக்குள் வந்தது. நாவற்குழிப் பக்கம் அடி அடியாக நகர்ந்த அந்தச் சனத்துக்குள் மழையில் ஊறிப்போனது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில், பாயில் விரித்துக் காயவைத்தோம். 1996 இல் வீடு திரும்பியபோது புத்தகம் இரண்டு மடங்கு ஊதியிருந்தது. பிறகு முதுகு வெடித்தது, மட்டை ஒன்று கழன்றது, தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கின.

இதற்குப் புதிது வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கினேன். பெரிய எழுத்து, அதே மொழிபெயர்ப்பு, நல்ல தாள். அம்மா இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு திருப்பித் தந்தார். நெஞ்சில் வைக்கப் பாரம் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் இப்படிச் சொன்னார்: “வசனம் இருக்கிற இடம் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது பிள்ளை. வலப்பக்கம், கீழ, மூலையில. இதுக்குள்ள போனா ஆற்றையோ வீட்டுக்குள்ள போன மாதிரி இருக்கு.” புதிய புத்தகத்தைப் பற்றிய என் விமர்சனமும் அவ்வளவுதான். அதில் ஒரு பிழையும் இல்லை. அது எங்கள் வீடு இல்லை.

ஐயா புத்தகத்தை வாங்கி முதலில் மணந்து பார்த்தார். “வெள்ளத்தில போனதோ?” என்றார். “மழையில, தொண்ணூற்றஞ்சில” என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த வருடத்தைச் சொன்னால் பொழிப்புரை தேவையில்லை. மெதுவாக முதுகைத் தடவி, விரலால் ஓர் இடத்தை நெம்பினார். நாலைந்து தாள் சேர்ந்து கையோடு வந்தது.

“எந்த இடம் கூடத் திறபட்டதோ, அந்த இடத்திலதான் நூல் முதலில அறும். உங்கடை ஆக்கள் கொண்டுவாற புத்தகம் எல்லாம் நடுவில, சங்கீதத்தில விட்டிருக்கும். இது கொஞ்சம் முன்னுக்கு விட்டிருக்கு. என்ன இது?”

யோபு. தமிழ் வேதாகமத்தில் சங்கீதத்துக்கு முதல் வருகிற புத்தகம். கழன்று வந்தது மூன்றாம் அதிகாரத்திலிருந்து ஏழாம் அதிகாரம் வரை. மூலைகள் தேய்ந்து பக்க எண்கள் போய்விட்டதால், ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லி ஒரு முக்காலியைத் தள்ளினார். இதுதான் இந்தக் கடையின் முதல் நல்ல குணம். “வைச்சிட்டுப் போங்கோ, பாப்பம்” என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டு, பக்கத்தை மாற்றிக் கட்டித் தரும் ஆள் அல்ல. வாசித்து ஒழுங்குபடுத்த ஒரு மணித்தியாலம் எடுத்தது. சத்தமாக வாசித்தால் தனக்கும் பொழுது போகும் என்றார். அவர் உறுதிக் கட்டொன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

வாசித்தேன். “ஆ, என் மன்றாட்டு எனக்கு அருளப்பட்டு, நான் வாஞ்சிப்பதை தேவன் எனக்குத் தந்து, தேவன் என்னை நொறுக்கச் சித்தமாய், தம்முடைய கையை நீட்டி என்னைத் துண்டித்துப்போட்டால் நலமாயிருக்கும்.”

ஊசி நின்றது. “கடவுளிட்டைச் சாவு கேக்கலாமோ, உங்கடையில?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் யோபுவின் பொறுமை என்றுதான் படித்தோம். மாடும் கழுதையும் ஒட்டகமும் போய், பத்துப் பிள்ளைகளும் போய், உடம்பெல்லாம் பருவோடு சாம்பலில் இருந்து, ஓட்டினால் சுரண்டிக்கொண்டு, “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று சொன்ன யோபு. அது முதல் இரண்டு அதிகாரம், உரைநடை. மூன்றாம் அதிகாரத்தில் பாட்டு தொடங்குகிறது. அங்கே அந்த மனிதர் வாயைத் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். ஆறாம் அதிகாரத்தில் கொன்றுபோடச் சொல்லிக் கேட்கிறார். ஏழாம் அதிகாரத்திலும் சாவைத்தான் விரும்புவதாகச் சொல்கிறார். ஞாயிறு பள்ளியில் அந்தப் பக்கங்களைத் தாண்டிக் கடைசி அதிகாரத்துக்குப் போய்விடுவார்கள், அங்கே ஒட்டகங்கள் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

நான் யோசித்துக்கொண்டிருக்க ஐயாவே சொன்னார்: “எங்களிட்டையும் இருக்கு. மணிவாசகர் செத்திலாப் பத்துப் பாடினவர்தானே.” சொல்லிவிட்டுத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

அதை வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். திருவாசகத்தில் ஒரு பதிகம், பெயரே அதுதான்: இன்னும் சாகாமல் இருக்கிறேனே என்று தன்னைத் தானே நொந்துகொள்வது. ஆனால் அங்கே நோவு வேறு. மணிவாசகருக்குச் சிவனை விட்டுப் பிரிந்து இருப்பதுதான் தாங்கவில்லை. யோபுவுக்கோ கடவுள் விட்டுப்போக மாட்டேன் என்று நிற்பதுதான் தாங்கவில்லை. உமிழ்நீர் விழுங்கவாவது என்னை விடமாட்டீரோ என்று ஏழாம் அதிகாரத்தில் கேட்கிறார். இருவருக்கும் வேறு வாசல் இல்லை என்பது மட்டும் ஒன்று. யோபு தன் கையால் எதையும் செய்ய நினைக்கவில்லை. அடித்தவரிடமே போய் முழுதாக அடித்து முடியும் என்று கேட்கிறார்.

இனி அந்தக் கரை. யோபு ஆறாம் அதிகாரப் பக்கத்தின் வெளிக்கரையில், எட்டாம் வசனத்துக்கு நேரே, பென்சிலால் அம்மாவின் எழுத்து: “95.11.3 எனக்கும்”.

அந்த முக்காலியில் இருந்துதான் அதை முதல் தடவை பார்த்தேன். நவம்பர் 3. வெளிக்கிட்டு நாலாம் நாள். அம்மாவுக்குப் பக்கத்தில், அதே விறாந்தையில், அதே பாயில் நான் படுத்திருந்தேன். அந்தக் கிழமை அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில், மேசைகளைச் சேர்த்துப் போட்டு, இரண்டு பிள்ளைப்பேறு பார்த்தவர். ஒரு தாய்க்குத் தன் சேலையைக் கிழித்துக் கொடுத்தவர். இரவு எந்த வெளிச்சத்தில் இதை எழுதினார் என்று தெரியவில்லை.

ஐயாவிடம் அந்த எழுத்தைக் காட்டி, கரை முக்கியம் என்று சொன்னேன். ஓம் என்றார். எழுதி வைக்கவில்லை. என் பிழையும் இருக்கிறது, நான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த 19 நாளும் வீட்டில் வேதாகமம் இல்லாமல் அம்மா சும்மா இருக்கவில்லை. நினைவிலிருந்தே சொல்வார். கஞ்சிக்கு உப்புக் குறைக்கச் சொல்லி வைத்தியர் கட்டளை. கோப்பையை நீட்டினால், “ருசியில்லாத பதார்த்தத்தை உப்பில்லாமல் சாப்பிடக்கூடுமோ? முட்டையின் வெள்ளைக்கருவில் சுவை உண்டோ?” என்பார். அதுவும் யோபு ஆறாம் அதிகாரந்தான், சாவு கேட்பதற்கு இரண்டு வசனம் முன்னால். என் கஞ்சிக்கும் ஒரு விமர்சனம் வேதாகமத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பின்னேரங்களில் ஆட்கள் பார்க்க வருவார்கள். அம்மா எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்வார்: “ஆண்டவர் என்னை எடுக்கவேணும் எண்டு செபம் பண்ணுங்கோ.” உடனே நாலு குரல் ஒன்றாக எழும்பும். அப்படிச் சொல்லாதேங்கோ அக்கா, அது பாவம், பேரப்பிள்ளையின்ரை கலியாணம் பாக்கவேணுமெல்லோ. நானும் அதில் ஒரு குரல். யோபுவின் சிநேகிதர் எலிப்பாசும் இதைத்தான் செய்கிறார். தானியம் ஏற்ற காலத்தில் அம்பாரத்தில் சேருகிறது போல முதிர்வயதில் கல்லறையில் சேருவாய் என்று ஐந்தாம் அதிகாரத்தின் கடைசியில் அழகாகப் பேசி முடிக்கிறார். அதற்கு யோபு சொன்ன பதில்தான் இப்போதே துண்டித்துப்போடும் என்பது. பிறகு சிநேகிதர்களைக் காட்டாற்றுக்கு ஒப்பிடுகிறார்: மாரியில் பெருகும், வெயிலில் வற்றும், தண்ணீரை நம்பி வந்த பயணக் கூட்டம் வெட்கப்பட்டு நிற்கும். ஆறில்லாத ஊரில் இருக்கிற எங்களுக்கு இது புரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாறு எங்களுக்கும் இருக்கிறது.

எங்கள் போதகர் மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு நற்கருணை கொடுப்பார். எபிரேயம் படித்தவர். அம்மாவின் வேண்டுதலுக்கு அவர் மட்டும் “அப்படிச் சொல்லாதேங்கோ” என்று சொல்லவில்லை, தலையை ஆட்டினார். பிறகு தேத்தண்ணி குடிக்கையில், பைண்டிங் கடைக் கதையைச் சொன்னேன். நூல் அறுந்தது யோபுவில் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

யோபு “நான் வாஞ்சிப்பதை” என்று கேட்கிற இடத்தில் எபிரேயத்தில் இருக்கிற சொல் திக்வா என்றார். நம்பிக்கை என்று பொருள். அதே சொல்லுக்கு நூல், கயிறு என்றும் பொருள் உண்டு. எரிகோவில் ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிறும் அந்தத் திக்வாதான். ஏழாம் அதிகாரத்தில் யோபு இந்த இரண்டு பொருளையும் வைத்து விளையாடுகிறார்: என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் வேகமாய் ஓடி, நம்பிக்கை இல்லாமல் முடிகிறது. நூல் இல்லாமல் முடிகிறது என்றும் வாசிக்கலாம். “துண்டித்துப்போட்டால்” என்பதும் தறிக்காரர் பக்கத்துச் சொல்தானாம். எசேக்கியா ராஜா நோயில் படுத்தபோது, நெய்கிறவன் பாவை (தறியில் ஓடுகிற நூலை) அறுக்கிறது போல என்று அழுகிற இடத்திலும் அந்த வினைதான் வருகிறது. எசேக்கியா அறுக்க வேண்டாம் என்று அழுது 15 வருடம் வாங்கினார். யோபு அறுக்கச் சொல்லிக் கேட்டார், கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. “கையை நீட்டி” என்று தமிழில் இருப்பது எபிரேயத்தில் கையைக் கட்டவிழ்த்து என்பதாம். கட்டுண்டவர்களைக் கர்த்தர் விடுதலையாக்குகிறார் என்று 146 ஆம் சங்கீதத்தில் வருகிற அதே வினை. கடவுளின் கை எதிலோ கட்டப்பட்டிருக்கிறது, அதை அவிழ்த்துவிட்டால் என் பாடு முடியும் என்று யோபு நினைக்கிறார்.

(யாழ்ப்பாணத்தாரின் பெருமைக்கு ஓர் இடைச்செருகல். நாங்கள் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871 இல் முழுமையாக வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. அதற்கு முன், 1850 இல் வெளிவந்த வேதாகமத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து உழைத்தவர் எங்கள் ஆறுமுக நாவலர். சைவத்தைக் காக்கப் புறப்பட்ட அதே நாவலர்தான். ஐயாவுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப எங்கடை ஆளும் யோபுவில கை வைச்சிருக்கிறார்” என்றார்.)

போதகர் சொன்னது இன்னொன்று: யோபு ஆறாம் அதிகாரம் பத்தாம் வசனத்தில் ஒரு சொல் எபிரேய வேதம் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் வருகிறதாம். அதனால் ஆளுக்கு ஒரு பொருள். எங்கள் பழையதில் “ஆறாத நோவிலே மரத்திருப்பேன்”. வேறு சிலர் நோவிலும் துள்ளி மகிழ்வேன் என்று கொள்கிறார்கள். மரத்துப்போவதும் துள்ளுவதும் ஒன்றா என்று நான் கேட்க, கட்டிலிலிருந்து அம்மா குறுக்கிட்டார்: “பிள்ளைப்பேறு பாத்த ஆளைக் கேளுங்கோ. இரண்டும் ஒரே வீட்டில, ஒரே மணித்தியாலத்தில நடக்கும்.” போதகர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அதே வசனத்தின் கடைசியில், பரிசுத்தருடைய வார்த்தைகளை நான் ஒளித்துவைக்கவில்லை என்கிறார் யோபு. என் பெலன் கற்களின் பெலனோ, என் மாம்சம் வெண்கலமோ என்று அடுத்தாற்போல் கேட்கிறார். இன்னும் நீண்டால் உடம்பு என்னை மறுதலிக்க வைத்துவிடும், அதற்கு முன் எடுத்துக்கொள்ளும் என்பது போதகரின் விளக்கம். விசுவாசம் போனதால் வந்த மன்றாட்டு அல்ல, அது இருக்கும்போதே போய்விட வேண்டும் என்ற அவசரம்.

போதகர் போன பிறகு, சாவு கேட்டவர்களை அம்மா விரல் மடித்து எண்ணினார். மோசே கேட்டார், இறைச்சி வேண்டுமென்று அழுத சனத்தைச் சுமக்க முடியாமல். கிடைத்தது எழுபது மூப்பர்கள். எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றார். கிடைத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், அப்புறம் நாற்பது நாள் நடை. கடைசியில் அவர் சாகவேயில்லை, சுழல்காற்றில் ஏறிப்போனார். யோனா ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்காகச் சாவு கேட்டார், கிடைத்தது ஒரு கேள்வி. சிம்சோன் ஒருவனுக்குத்தான் கேட்டவுடன் கிடைத்தது, அதுவும் கட்டடத்தோடு. எரேமியாவை மட்டும் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆண்பிள்ளை பிறந்ததென்று தகப்பனிடம் போய்ச் சொன்ன ஆளை அவர் சபிக்கிறாராம். “அந்தச் செய்தியைக் கொண்டு போறது என்ரை வேலையெல்லோ. எனக்கேன் பேச்சு?”

அந்த நேரம்தான் கேட்டேன், 95.11.3 பற்றி. அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

“ஓம், கேட்டனான். தரேல்லை. விடியப்புறம் ஒருத்திக்கு நோக் கண்டிட்டுது, போய்ட்டன்.”

இருபதாம் நாள் காலையில் கடைக்குப் போனேன். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது, நல்ல வேலைக்காரன் தொட்ட புத்தகம். பழைய நூலை முழுக்க உருவிவிட்டு, தேன்மெழுகு தடவிய புது நூலால் ஒவ்வொரு மடிப்பாகத் தைத்திருக்கிறார். பசைக்குள் மயில்துத்தம் போட்டிருக்கிறார், பூச்சி வராது. கழன்ற யோபுத் தாள்களின் உட்கரைக்கு மெல்லிய தாள் ஒட்டி, அதன்மேல் தைத்திருக்கிறார். எங்கே திறந்தாலும் புத்தகம் தட்டையாக விழுந்து கிடக்கிறது. படுக்கையில் இருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கறுத்தத் துணி அட்டை, கேட்காமலே இரண்டு நாடா, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. எடையும் கூடவில்லை.

பிறகு யோபுவைத் திறந்தேன். வெளிக்கரை பளபளவென்று நேராக இருந்தது. மூன்று மில்லிமீற்றர் போயிருக்கும். “95.11.3 எனக்”. அவ்வளவுதான் மிச்சம்.

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “கரை பிஞ்சு கிடந்தது தங்கச்சி. சீராக்கினா வடிவா இருக்கும் எண்டு நினைச்சன்.” சாக்குச் சொல்லவில்லை, கடைப் பையனில் பழியைப் போடவில்லை. வெட்டிய துண்டுகளைப் போட்டிருந்த சாக்கைக் கவிழ்த்து, நிலத்தில் குந்தியிருந்து அரை மணித்தியாலம் தேடினார். எத்தனை பேருடைய கரைகள் அதற்குள். அந்த இரண்டு எழுத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை. 500 ரூபாயைத் திருப்பி நீட்டினார். வாங்கினேன். வாங்காமல் வந்திருந்தால் இதை எழுத எனக்கு உரிமை குறைந்திருக்கும்.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க பஸ்ஸில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். முதலில் நாடாவைக் காட்டினேன், துணியைக் காட்டினேன், தட்டையாகத் திறப்பதைக் காட்டினேன். அவர் பேசாமல் வலப்பக்கம், கீழே, மூலை என்று விரலைக் கொண்டுபோனார். பார்த்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கி இன்னொரு தடவை பார்த்தார்.

“‘கும்’ எங்கை?”

“வெட்டுப்பட்டுப் போச்சு அம்மா.”

சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். “அந்த மனிசன் இரண்டு எழுத்தைத்தான் வெட்டினவர். நீங்கள் எல்லாரும் நான் வாயைத் திறக்க முதலே வெட்டுறியள்.”

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்சில் எடுத்துத் தரட்டுமா, திருப்பி எழுதுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம், அது அந்த ராத்திரிக்கு எழுதினது என்றார். அன்று பின்னேரம் வந்தவர்களிடம் வழக்கம்போல, ஆண்டவர் எடுக்கவேணும் எண்டு செபம் பண்ணுங்கோ என்று கேட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

சரி, கடைக்கு வருவோம். பழைய புத்தகம் எதுவானாலும் நான் இங்கேதான் கொண்டுபோவேன், இன்னும் பத்துப் பேரை அனுப்புவேன். தையல் வேலைக்கு நகரத்தில் நான் பார்த்தவரை இவரைவிடக் கவனமான கை இல்லை. சுருள் கம்பி போட்டு ஐந்து நிமிடத்தில் தருகிற கடைகள் வேறு, அவை ரியூசன் கொப்பிக்குப் போதும். இங்கே போகிறவர்கள் ஒரு மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு போங்கள். காலையில் போனால் ஆள் இருப்பார், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அங்கேயே பாயில் சரிந்துவிடுவார். வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போவதால் பிந்தித்தான் திறப்பார். துணி நிறத்தை நீங்களே தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் கறுப்புத்தான். குடும்பப் புத்தகமென்றால், பிறந்த திகதி, செத்த திகதி, கடன் கணக்கு, எது கரையில் எழுதியிருந்தாலும் அதை முன்கூட்டியே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கரையை வெட்ட வேண்டாம் என்று ஒரு துண்டில் எழுதி, புத்தகத்தின் முதல் பக்கத்தில் குத்தி விடுங்கள். வாயால் சொன்னது போதாது.

போன கிழமை அம்மா தன் பழைய பாட்டுப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தார். அதற்கும் முதுகு விட்டுவிட்டது. ஒரு மாதமாவது ஆகும், இப்போது பள்ளிக்கூட இடாப்பு வேலை கூட என்று ஐயா சொன்னதை வந்து சொன்னேன். அம்மா மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தார்.

“சரி, குடு. இந்த முறை கரையில கை வைக்க வேண்டாமெண்டு சொல்லு.”